பாமுக்காலே: தண்ணீர் எங்கே போகிறதோ அங்கேதான் வெள்ளை

துருக்கியின் தென்மேற்கில் தெனிஸ்லி என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே, சமவெளி முடிகிற ஓரத்தில், ஒரு வெள்ளைச் சரிவு எழும்பி நிற்கும். நீளம் கிட்டத்தட்ட 2.7 கிலோமீட்டர், உயரம் 160 மீட்டர். அதுதான் பாமுக்காலே. படத்தில் பார்க்காதவர்கள் குறைவு: படிப்படியாக இறங்கும் வெள்ளைத் தொட்டிகள், அவற்றில் நிற்கும் வெளிர்நீலத் தண்ணீர். 1988-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, சரிவின் உச்சியில் கிடக்கும் ஹியராபோலிஸ் என்ற பழைய நகரத்தையும் சேர்த்து. இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் ஒரே நேரத்தில் பட்டியலில் இடம்பிடித்த இடங்கள் உலகத்திலேயே ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று.

இதைச் சுற்றுலா இடமாகப் பார்க்காமல் ஒரு நிலவியல் நிகழ்வாக எடுத்துப் படித்தால் கிடைப்பது வேறு கதை. பலர் நினைப்பது, இங்கே வெள்ளைப் பாறையால் ஆன மலை ஒன்று இருக்கிறது, அதன்மேல் தண்ணீர் ஓடுகிறது என்று. உண்மையில் அந்தப் பாறையைக் கொண்டுவந்து வைத்ததே தண்ணீர்தான், இன்றைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் பார்க்கும் பளீரென்ற வெண்மை மேலே இருக்கும் மெல்லிய புதுத் தோல் மட்டும். தண்ணீரை வேறு பக்கம் திருப்பினால் அந்தத் தோல் தூசியும் பாசியும் ஏறிச் சாம்பல் நிறமாகிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அதுதான் நடந்தது. ஆகவே இந்த இடத்தில் எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

கரியமில வாயுவின் கணக்கு

சுண்ணாம்புப் பாறை வெறும் தண்ணீரில் கரைவது மிகக் கொஞ்சம். தண்ணீரில் கரியமில வாயு கலந்திருந்தால் அது லேசான அமிலமாகி, பாறையை நன்றாகவே கரைக்கும். பூமிக்கடியில் அழுத்தம் அதிகம், வாயு வெளியே போக வழியில்லை, அதனால் தண்ணீர் ஏராளமான வாயுவையும், அந்த வாயு தயவில் ஏராளமான சுண்ணாம்பையும் சுமந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் ஊற்றாக வெளியே வந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. கோலி சோடாவை உடைத்ததும் புஸ்ஸென்று வாயு கிளம்புகிறதே, அதேதான் இங்கும் நடக்கிறது, என்ன, கொஞ்சம் நிதானமாக. வாயு போனதும் சுண்ணாம்பைத் தாங்கிப் பிடிக்கத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை. அது கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமாகப் படிந்துவிடுகிறது.

பாமுக்காலே தண்ணீர் சுமார் 35 டிகிரி செல்சியஸில் வெளியே வருகிறது. அப்போது ஒரு லிட்டரில் கரியமில வாயு சுமார் 725 மில்லிகிராம், கால்சியம் சுமார் 577 மில்லிகிராம். சரிவில் இறங்கி முடிக்கும்போது வாயு 145 மில்லிகிராமுக்கும், கால்சியம் 377 மில்லிகிராமுக்கும் இறங்கிவிடுகிறது. அதாவது லிட்டருக்கு 200 மில்லிகிராம் கால்சியம் வழியிலேயே இறங்கிவிட்டது. அதைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 500 மில்லிகிராம், அரை கிராம். அரை கிராம் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஊற்றுகளின் சராசரி ஓட்டமாக வழக்கமாகச் சொல்லப்படுவது நொடிக்கு 465 லிட்டர். பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 20 டன் கல்! புதிதாகப் படியும் கல் நுண்துளைகள் நிறைந்தது, அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.48 கிராம் என்று வைத்தால், 13.5 கன மீட்டருக்கு மேல் வரும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பரப்பினால் 13,000 சதுர மீட்டருக்கு மேல் தினமும் புது வெள்ளை பூசலாம். இது உச்சவரம்புக் கணக்குதான், எல்லாத் தண்ணீரும் முழுச் சரிவையும் கடந்து ஓடினால் மட்டுமே இவ்வளவு கிடைக்கும். ஆனாலும் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஹோட்டல்கள் வரும்போது தேவைப்படும்.

ஊற்று வாயிலேயே படிவு பெரிதாக உண்டாகாது என்பதும் கவனிக்க வேண்டியது. தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி, வாயுவை இழந்து, அமிலத்தன்மை குறைந்து, தாங்கும் அளவுக்கு மேல் சுண்ணாம்பு மிஞ்சின பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. அதனால்தான் ஊற்றுக்கும் வெள்ளைச் சரிவுக்கும் நடுவே வாய்க்கால் இருக்கிறது, அந்த வாய்க்கால் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துச் சரிவின் நிறமே மாறும். மூடிய வாய்க்காலில் வாயு அதிகம் போகாது, சுண்ணாம்பு பத்திரமாகச் சரிவு வரை வந்துசேரும். திறந்த, கரடுமுரடான வாய்க்கால் என்றால் பாதி வழியிலேயே கல்லாகிவிடும்.

ஏன் தொட்டி தொட்டியாக?

சரிவில் தண்ணீர் வழியும்போது ஏதோ ஓர் இடத்தில் சின்ன மேடு இருக்கும், ஒரு கல்லோ குச்சியோ போதும். அதன்மேல் தண்ணீர் மெல்லிய படலமாகி, வேகமெடுத்து, கலங்கி விழுகிறது. மெல்லிய படலத்திலிருந்து வாயு சீக்கிரம் வெளியேறும், கலங்கினால் இன்னும் சீக்கிரம். ஆகவே அந்த மேட்டின் விளிம்பில் படிவு அதிகம். மேடு உயர்கிறது, பின்னால் தண்ணீர் தேங்குகிறது, தேங்கின தண்ணீர் அமைதியாக இருப்பதால் அங்கே படிவு குறைவு. விளிம்பு வளர்ந்துகொண்டே போகும், குளத்தின் நடு பின்தங்கும். ஓரிடத்தில் விளிம்பு தாழ்ந்திருந்தால் அங்கேதான் தண்ணீர் அதிகம் வழியும், அதனால் அங்கேதான் படிவும் அதிகமாகி அந்தத் தாழ்வு சரியாகிவிடும். மனிதன் மட்டக்கோல் பிடித்துக் கட்டியது போல விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம். எனக்கு இந்த நிகழ்வு முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி இது. எந்தத் திட்டமும் இல்லாமல் தண்ணீரே தன் தவறைத் திருத்திக்கொள்கிறது.

குளத்துக்குள் நெருங்கிப் பார்த்தால் வேறொரு உலகம். தண்ணீர் அசையாத மூலைகளில் மேற்பரப்பிலேயே காகிதம் போன்ற கால்சைட் ஏடுகள் மிதக்கும், கனம் தாங்காமல் மூழ்கி அடியில் சரசரவென்று அடுக்கும். வாயுக் குமிழியைச் சுற்றியே கால்சைட் படிந்து, குமிழி அப்படியே உள்ளே சிறைப்பட்டுக் கல்லில் உருண்டைத் துளையாக நிற்கும். பாக்டீரியாக்களும் நீலப்பச்சைப் பாசிகளும் படலமாக வளர்ந்து, அவற்றின் இழைகளே படிகம் பிடித்துக்கொள்ள இடம் தரும். இந்த வகைப் பாறைகளில் உயிரிகளின் பங்கு எவ்வளவு, வெறும் வேதியியலின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் நீண்டகால விவாதம் உண்டு. வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் வாயு போகிற வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றும், ஓட்டம் தணிந்து தண்ணீர் ஆறிய இடங்களில் உயிரிகள் கை ஓங்குகிறது என்றும் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

புதுப் படிவு முதலில் கூழ் மாதிரி மென்மையாக இருக்கும், கெட்டியாக நாளாகும். செருப்புக் காலோடு ஒருவர் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டூஃபா, டிராவர்டைன்: எங்கே பிரிகின்றன

டூஃபா, டிராவர்டைன் இரண்டுமே தண்ணீரிலிருந்து படியும் கால்சியம் கார்பனேட்தான். சிலர் இரண்டையும் டிராவர்டைன் என்றே சொல்வார்கள், சிலர் கறாராகப் பிரிப்பார்கள். பிரிக்கிறவர்கள் பார்ப்பது கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்பதை.

டூஃபாவில் அது மண்ணிலிருந்து வருகிறது. மழைநீர் மண் வழியாக இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவை வாங்கிக்கொண்டு, கீழே சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து, குளிர்ந்த ஊற்றாக வெளிவருகிறது. குளிர்ந்த நீரில் பாசி, செடி, பூச்சி எல்லாம் வாழும், அவற்றின்மேலேயே சுண்ணாம்பு படியும். செடி அழுகிப் போகும், அதன் அச்சு மட்டும் கல்லில் நிற்கும். அதனால் டூஃபா பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, லேசாக, இலைத் தடங்களோடு இருக்கும். குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள் இதற்குச் சிறந்த உதாரணம். அங்கே பாசிகள்மேல் டூஃபா படிந்து அணைகளாக உயர்ந்ததால்தான் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகள் உண்டாயின, அருவிகளும் உண்டாயின.

டிராவர்டைனில், பாமுக்காலே இந்த வகைதான், வாயு ஆழத்திலிருந்து வருகிறது. பூமிக்குள் சூட்டில் சுண்ணாம்புப் பாறைகளே சிதைந்து விடும் வாயு, இன்னும் ஆழத்திலிருந்து கசிந்து வரும் வாயு. அளவு மிக அதிகம், அதனால் தண்ணீர் சுமக்கும் சுண்ணாம்பும் அதிகம், படியும் வேகமும் அதிகம். சூடான நீரில் பெரிய செடிகள் நிற்காது என்பதால் கல் நெருக்கமாக, அடுக்கடுக்காக அமையும். கார்பன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை) அளந்தால் இரண்டும் பிரிந்துவிடும்: மண்ணிலிருந்து வந்த கார்பன் இலேசான ஐசோடோப்பு நிறைந்தது, ஆழத்துக் கார்பன் அதைவிடக் கனமானது. ஆனால் களத்தில் கோடு கிழித்தாற்போல் எதுவும் இருக்காது. வெந்நீர் ஊற்றிலிருந்து கிளம்பிய அதே தண்ணீர் சமவெளிக்கு இறங்கி ஆறியதும், நாணல் தண்டுகளைச் சுற்றிப் படிந்து, பார்வைக்கு டூஃபா போலவே ஆகிவிடும்.

பிளவுக்கோடு இல்லையென்றால் எதுவுமில்லை

சரி, ஆழத்துத் தண்ணீர் மேலே வர வழி வேண்டுமே. அதைத் தருவது பிளவுக்கோடு, அதாவது நிலத்தட்டு உடைந்து இரு பக்கமும் நகர்ந்த கோடு. மேற்குத் துருக்கி முழுவதும் ஏஜியன் கடல் பக்கமாக இழுபட்டு நீண்டுகொண்டிருக்கும் நிலம். இழுபடும்போது நிலத்தட்டு மெலிந்து, பிளந்து, நடுப்பகுதி இறங்கி, பிளவுப் பள்ளத்தாக்குகள் உண்டாகின்றன. தெனிஸ்லி படுகை அப்படிப்பட்ட ஒன்று. அதன் வடகிழக்கு விளிம்பில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது பாமுக்காலே பிளவுக்கோடு. மலைகளில் விழும் மழை பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே பழைய பளிங்குப் பாறைகளிலும் சுண்ணாம்புப் பாறைகளிலும் சூடாகி, வாயு ஏற்றி, அதே மாதிரிப் பிளவுகள் வழியாகத் திரும்பி வருகிறது. பக்கத்தில் எரிமலை வெடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிளவுக்கோட்டின் நீளம் முழுக்க ஊற்று வந்துவிடுவதும் இல்லை. ஒரு துண்டு முடிந்து, சற்றுத் தள்ளி அடுத்த துண்டு தொடங்கும் இடைவெளிகளில்தான் பாறை அதிகம் நொறுங்கி, வெடிப்புகள் திறந்திருக்கும். மேற்குத் துருக்கியின் பெரிய டிராவர்டைன் படிவுகளில் பல அப்படிப்பட்ட இடைவெளிகளில் உட்கார்ந்திருப்பதை 1990-களில் ஆய்வாளர்கள் கவனித்துச் சொன்னார்கள்.

அதே பத்தாண்டில் நிலவியலாளர்கள் எர்ஹான் அல்துனெல், பால் ஹான்காக் இருவரும் பாமுக்காலேயின் படிவுகளை உருவம் பார்த்து வகைப்படுத்தினார்கள். சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் தொட்டிச் சரிவு அதில் ஒரு வகை மட்டும். இன்னொரு வகை, என் கணக்கில் அதைவிட முக்கியமானது, வெடிப்பு முகடு. நிலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு திறக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து இரு பக்கமும் வழிந்து படிய, நீண்ட முகடு ஒன்று எழும்புகிறது. முகட்டின் உச்சியில் வெடிப்பு ஓடும். பக்கச் சரிவுகளில் சாதாரண அடுக்குப் பாறை. வெடிப்புக்குள்ளோ, சுவரோடு சுவராக நெட்டுக்குத்தாகப் படிந்த பட்டைகள், வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று மாறி மாறி. நிலம் இழுபட்டு வெடிப்பு கொஞ்சம் அகலும், புதுப் பட்டை அந்த இடத்தை நிரப்பும், திரும்ப அகலும். பொதுவாகச் சுவரை ஒட்டியது பழைய பட்டை, நடுவில் இருப்பது புதியது. பட்டைகளின் வயதை அவற்றிலுள்ள யுரேனியம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதை வைத்துக் கணித்தால், அந்த நிலம் எவ்வளவு காலத்தில் எவ்வளவு இழுபட்டது என்று சொல்லிவிடலாம். பிளவுக்கோடுகளின் வரலாற்றை டிராவர்டைன் மூலம் படிக்கும் இந்த வழி 1999-இல் ஹான்காக்கும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்தது. இந்தப் படுகையில் கிடைத்த வயதுகள் சில லட்சம் ஆண்டுகள் பின்னால் போகின்றன. ஆக, இங்கே ஊற்று புதிதல்ல, இடம் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாமுக்காலேயிலிருந்து வடமேற்கே சில கிலோமீட்டரில் கராஹயித். அங்கே தண்ணீர் இன்னும் சூடு, இரும்பு கலந்தது, படிவு சிவப்பும் துருப்பழுப்புமாக இருக்கும். இன்னும் மேற்கே கிசில்டெரே, 1968-இல் துளையிட்டபோது 200 டிகிரி அளவுக்கு நீராவியோடு தண்ணீர் கிடைத்த இடம், 1984-இல் துருக்கியின் முதல் புவிவெப்ப மின்நிலையம் அங்கே ஓடத் தொடங்கியது. அந்த மின்நிலையத்துக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா? கிணற்றுக் குழாய்களுக்குள் கால்சைட் படிந்து அடைத்துக்கொள்வது. பாமுக்காலேயில் கண்ணுக்கு விருந்தான அதே வேதியியல், குழாயில் நடந்தால் இயந்திரம் வைத்துச் சுரண்ட வேண்டியிருக்கிறது. அங்கே வெளிவந்த கரியமில வாயுவைப் பிடித்து உலர்பனி (உறையவைத்த கரியமில வாயு) தயாரிக்கும் ஆலையே போட்டார்கள். ஆழத்தில் எவ்வளவு வாயு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

மேலே ஒரு நகரம்

ஹியராபோலிஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் மேற்குத் துருக்கியின் பெர்கமோன் அரசர்களால் அமைக்கப்பட்டது, பிறகு ரோமானியர் கைக்குப் போனது. நகரம் சரியாகப் பிளவுக்கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் விழுந்தது, எழுப்பினார்கள். 7-ஆம் நூற்றாண்டிலும் பெரிய அழிவு. சுவர்களும் நீர்வாய்க்கால்களும் பிளவுக்கோட்டைக் கடக்கும் இடங்களில் முறிந்து, இரு பாதிகளும் விலகி நிற்பதை அல்துனெலும் ஹான்காக்கும் 1997-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள்.

அந்தக் காலத்து மக்களுக்குத் தண்ணீர் கல்லாவது நன்றாகத் தெரியும், அதைப் பயன்படுத்தவும் தெரியும். தோட்டங்களையும் திராட்சைத் தோப்புகளையும் சுற்றி வாய்க்கால் வெட்டி வெந்நீரை விட்டால், ஓராண்டில் கல் மேலோடு படிந்துவிடும், இரு பக்கமும் மண்கரை போட்டுத் தண்ணீர் விட்டு அதையே வேலிச் சுவராக்கிக்கொள்வார்கள் என்று ரோமானியக் கட்டடக்கலை எழுத்தாளர் வித்ருவியஸ் குறித்து வைத்திருக்கிறார். புவியியலாளர் ஸ்ட்ராபோவும் இதையே சொல்கிறார், கூடவே இந்தத் தண்ணீர் கம்பளிக்குச் சாயமேற்ற மிக நல்லது என்றும். தெனிஸ்லி இன்றைக்கும் ஜவுளிக்குப் பேர்போன ஊர்.

இந்தச் சுவர்கள் இன்றும் இருக்கின்றன. வாய்க்காலின் இரு கரையிலும் அடியிலும் படிந்து படிந்து, வாய்க்கால் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு, கடைசியில் ஒரு குறுகிய கல்மதிலின் உச்சியில் ஓடும் கால்வாயாக நிற்கும். சில இடங்களில் ஆளுயரத்துக்கும் மேலே. ஊருக்கு வெளியே உள்ள கல்லறைக் காட்டில் இன்னொன்று பார்க்கலாம்: வீடு போலக் கட்டிய ஒரு கல்லறை, சரிவின் ஓரத்தில், டிராவர்டைனில் மூழ்கிப்போய் மேல்பகுதி மட்டும் தெரிகிறது. கட்டியபோது அந்தப் பக்கம் தண்ணீர் ஓடவில்லை, பிறகு ஓடியிருக்கிறது. தொல்லியல் சான்றும் நிலவியல் சான்றும் ஒரே கல்லில்.

வாயுவின் கதையும் இங்கே உண்டு. பாதாளக் கடவுள் புளூட்டோவுக்கான புளூட்டோனியன் என்ற கோயில் குகைக்குள் கொண்டுபோன விலங்குகள் உடனே செத்து விழும் என்றும், தான் சிட்டுக்குருவிகளை உள்ளே விட்டதும் அவை விழுந்து இறந்தன என்றும் ஸ்ட்ராபோ எழுதினார். குறிப்பிட்ட பூசாரிகள் மட்டும் உயிரோடு திரும்பினார்களாம். 2013-இல் இத்தாலியத் தொல்லியலாளர் பிரான்செஸ்கோ டி'ஆண்ட்ரியா அந்த இடத்தை அடையாளம் கண்டதாக அறிவித்தார். 2018-இல் வெளியான அளவீடுகளில், குகைக்குள் கரியமில வாயு 91 சதவீதம் வரை இருந்தது. காற்றைவிடக் கனமான வாயு, அதனால் இரவில் தரையோடு தேங்கும், வெயில் ஏறினால் கலையும். தலை தாழ்ந்த விலங்கு சாகும், நிமிர்ந்து நிற்கும் மனிதன் பிழைப்பான். கீழே வெள்ளைச் சரிவை உண்டாக்கும் அதே வாயு, அதே பிளவுக்கோட்டின் வழியாக, தண்ணீர் இல்லாமல் தனியாக வந்தால் இப்படி.

என்ன கெட்டது, எப்படிச் சரிசெய்தார்கள்

1960-களிலிருந்து சரிவின் உச்சியிலேயே, பழைய நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே ஹோட்டல்கள் எழும்பின. ஊற்றுநீரை நேராகத் தங்கள் நீச்சல்குளங்களுக்கு இழுத்தன. சரிவின் குறுக்கே தார்ச்சாலை போட்டார்கள், வண்டிகள் ஏறி இறங்கின. ஷூ அணிந்த கால்கள் விளிம்புகளை மிதித்தன. கழிவுநீர் வெள்ளைக் கல்லில் இறங்கியது. மேலே சொன்ன 20 டன் கணக்கை இப்போது திரும்ப எடுங்கள். நீச்சல்குளத்தில் ஒரு லிட்டர் தேங்கி ஆறினால், அது தன் வாயுவில் பெரும்பகுதியையும் படியக்கூடிய சுண்ணாம்பையும் அங்கேயே விட்டுவிடுகிறது. குளத்திலிருந்து அதை மறுபடி சரிவுக்கு விட்டாலும் அதில் படிய வைக்கப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. ஹோட்டல் எடுத்தது தண்ணீரை மட்டும் அல்ல, சரிவுக்குப் போக வேண்டிய கல்லை. சரிவு மஞ்சளும் சாம்பலுமாகப் போனது.

யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு 1990-களில் திட்டம் போட்டு ஹோட்டல்களை இடித்தார்கள். தார்ச்சாலையை மூடி, அதன் இடத்தில் செயற்கையாகத் தொட்டிகள் கட்டி, அவற்றின்மேல் ஊற்றுநீரை விட்டார்கள். இன்றைக்குப் பயணிகள் வெறுங்காலோடு ஏறும் வழியில் இருக்கும் குளங்களில் பல அப்படிப்பட்டவைதான். சிலர் இதைப் போலி என்று கோபித்துக்கொள்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கரை கட்டித் தண்ணீரை விட்டுக் கல் வளர்ப்பது வித்ருவியஸ் காலத்திலேயே அந்த ஊர் வழக்கம், மேலே படிந்திருக்கும் கல் உண்மையான டிராவர்டைன். சாலையை அப்படியே விட்டிருந்தால்தான் குற்றம்.

இதைவிடப் பெரிய வேலை தண்ணீர்ப் பங்கீடு. அங்காராவின் ஹசெத்தெபே பல்கலைக்கழகத்து நீர்நிலவியலாளர்கள் ஊற்றுகளின் ஓட்டம், வேதியியல், படிவு வேகம் எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்கள். தண்ணீரை ஒரே இடத்தில் ஓயாமல் ஓடவிட்டால் பாசி பிடித்துப் பச்சையும் பழுப்புமாகிவிடும். ஓடவிடாமல் விட்டால் தூசி ஏறிக் கறுக்கும். ஆகவே சரிவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நாள் தண்ணீர், கொஞ்ச நாள் ஓய்வு. காயும் நாட்களில் பாசி செத்து, புதுப் படிவு கெட்டியாகி, வெயிலில் வெளுக்கும். வாய்க்கால்களை மூடி, மடைகள் வைத்து, முறை போட்டுப் பாய்ச்சுகிறார்கள்.

"போனோம், பாதிக் குளம் காய்ந்து கிடந்தது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று பயணக் குறிப்புகளில் அடிக்கடி படிக்கிறேன். முறைப்பாசனம் தெரிந்த நாம் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. எல்லா மடையையும் ஒரே நாளில் திறக்க அங்கே தண்ணீர் இல்லை, திறந்தாலும் கெடுதல்தான்.

வெட்டி எடுக்கும் டிராவர்டைன்

தெனிஸ்லி படுகையின் பழைய படிவுகள் கட்டடக் கல்லாக வெட்டப்பட்டு உலகமெங்கும் போகின்றன. நம்மூர்க் கடைகளில் டிராவர்டைன் மார்பிள் என்று விற்பதில் துருக்கிக் கல்லும் உண்டு. அது மார்பிள் இல்லை, உருமாறாத படிவுப்பாறை. கல்லில் தெரியும் துளைகள் குறை அல்ல, குமிழியும் நாணலும் ஏடுகளும் விட்டுப்போன இடங்கள். தொழிற்சாலையில் பிசினோ சிமெண்டோ வைத்து நிரப்பி மெருகேற்றுவார்கள். அடுக்குக்குக் குறுக்கே அறுத்தால் நீளக்கோடுகள் வரும், அடுக்கோடு படிய அறுத்தால் மேகம் மேகமாக வரும். வீட்டில் போட்டிருந்தால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஆசிட் ஊற்றிக் கழுவுவது. எலுமிச்சைச் சாறே அதை அரிக்கும்.

இப்படி அறுக்கும்போதுதான் தெனிஸ்லிக்கு அருகிலுள்ள கோஜாபாஷ் பகுதிக் கல்லில், 2002-இல், ஒரு தொழிற்சாலையில் மனித மண்டையோட்டுத் துண்டு ஒன்று வெளிப்பட்டது. அறுவை இயந்திரம் ஏற்கெனவே அதைத் தகடாக்கிவிட்டது, மிஞ்சியது கொஞ்சம். நமக்கு முந்தைய ஆதிமனித இனமான ஹோமோ எரெக்டஸ் என்று அடையாளம் கண்டார்கள். முதலில் 5 லட்சம் ஆண்டு என்று மதிப்பிட்டார்கள், பிறகு அந்தப் படிவின் வயதைக் கணித்தபோது 11 லட்சம் ஆண்டுக்கு மேல் போனது. துருக்கியில் கிடைத்த முதல் ஹோமோ எரெக்டஸ் அதுதான். ஊற்றுக்கரையில் விலங்கும் மனிதனும் தண்ணீருக்கும் வெதுவெதுப்புக்கும் வந்திருப்பார்கள், விழுந்ததை வேகமாகப் படியும் சுண்ணாம்பு மூடியிருக்கும். குவாரிகளில் அறுபடும் தகடுகளைப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால் இன்னும் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். பாதுகாப்பு என்றதும் எல்லாப் பேச்சும் வெள்ளைச் சரிவைச் சுற்றியே நடக்கிறது, சாம்பல் நிறப் பழைய படிவுகளுக்காக யாரும் வாதாடுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இனி கவனிக்க வேண்டியது சரிவின் மேலே இல்லை, நிலத்துக்குக் கீழே. கராஹயித் பக்கம் ஹோட்டல்களும் வெந்நீர்க் குளியலகங்களும் பெருகிவிட்டன, அவற்றுக்கும் வெந்நீர் வேண்டும். ஒரே பிளவுக்கோட்டு அமைப்பிலிருந்து கிணறு போட்டு இறைத்தால், ஊற்றுகளின் அழுத்தம் குறையலாம். ஊற்றுகளைச் சுற்றிப் பாதுகாப்பு மண்டலங்கள் வகுத்து, அவற்றுக்குள் புதிய துளைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஹசெத்தெபே ஆய்வாளர்கள் 2000-லேயே எழுதிவிட்டார்கள். மடை திறந்து மூடும் முறை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், ஊற்றில் நொடிக்கு இத்தனை லிட்டர் என்ற எண் இறங்கினால், சரிவில் தினமும் படியும் டன் கணக்கும் அதே விகிதத்தில் இறங்கும்.